அராஜகம் என்று திட்டுவதற்கு முன்

மே தினக் காலையில் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சுற்று வந்தால் வழியெல்லாம் கொடியேற்றம் நடந்துகொண்டிருக்கும். தொமுச, சிஐடியு, ஏஐடியுசி, அண்ணா தொழிற்சங்கம், பாட்டாளி தொழிற்சங்கம் என்று சங்கத்துக்கு ஒரு கம்பம், ஒரு மைக் செட், கூடியவர்களுக்கு இனிப்பு. எட்டு மணி நேர வேலைக்காக உயிர் கொடுத்த சிகாகோ தியாகிகளுக்கு வீரவணக்கம் செலுத்துவார்கள். சுரங்கமும் அனல்மின் நிலையமும் நாளை மூன்று ஷிப்டாகப் பிரித்துக்கொண்டு ஓடும் ஊர் இது. வீட்டில் உலை வைக்கும் நேரத்தையும் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கும் நேரத்தையும் அந்த எட்டு மணிக் கணக்குதான் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்குக்காகத் தூக்கில் ஏறியவர்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அவர்கள் அனார்க்கிஸ்டுகள்.

தமிழில் அந்தக் கொள்கைக்கு நெடுநாளாகப் புழங்கும் பெயர் அராஜகவாதம். அராஜகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கல்வீச்சு, கட்டப்பஞ்சாயத்து, ரவுடித்தனம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் மாறி மாறித் திட்டிக்கொள்ளும் வசவாக அது ஆகிவிட்டதால், இங்கே அரசின்மைவாதம் என்றே எழுதுகிறேன்.

சிகாகோவில் நடந்ததை முதலில் பார்த்துவிடலாம். 1886 மே 1 அன்று அமெரிக்காவில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மே 3 அன்று மெக்கார்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் பகுதியில் கூட்டம் போட்டார்கள். மழைக்கு அஞ்சிப் பெரும்பகுதிக் கூட்டம் கலைந்துவிட்ட நேரத்தில், கடைசிப் பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் படை அணிவகுத்து வந்து கலையச் சொன்னது. யாரோ ஒருவர் குண்டு வீசினார். வீசியவர் யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. அந்தக் குண்டிலும் தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டிலும் 7 போலீஸ்காரர்களும் கூட்டத்தில் இருந்த சிலரும் இறந்தார்கள்.

வழக்கு 8 அரசின்மைவாதிகள் மீது பாய்ந்தது. குண்டு வீசியதாக அவர்களில் ஒருவர் மீதும் சாட்சி நிற்கவில்லை. எழுதியதற்கும் பேசியதற்கும்தான் தண்டனை கிடைத்தது. ஆல்பர்ட் பார்சன்ஸ், ஆகஸ்ட் ஸ்பைஸ், அடால்ஃப் ஃபிஷர், ஜார்ஜ் எங்கல் ஆகிய நால்வரும் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். லூயிஸ் லிங் என்ற இளைஞர் அதற்கு முந்தைய நாள் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். 1893இல் இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று சொல்லி மீதி மூவரையும் விடுதலை செய்தார். அவர்கள் நினைவோடு பிணைந்த மே நாளைத்தான் 1889இல் பாரிஸில் கூடிய சோசலிஸ்டுகள் உலகத் தொழிலாளர் நாளாக எடுத்துக்கொண்டார்கள். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நெய்வேலிக் கொடிக்கம்பம் வரைக்கும் வந்து சேர்ந்த நூல் அதுதான்.

தூக்கு மேடை வரை போகும் அளவுக்கு அவர்கள் நம்பியது என்ன? 1840இல் பிரெஞ்சுக்காரர் புருதோன் தன்னை அனார்க்கிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டார். பிறகு ரஷ்யாவிலிருந்து பக்கூனின், க்ரோப்போட்கின் என்று வரிசையாகப் பலர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பாதை பிடித்தாலும் அடித்தளத்தில் இருந்த எண்ணம் ஒன்றுதான். ஒரு மனிதர் இன்னொருவருக்குக் கட்டளையிடும் உரிமை தானாக வந்துவிடாது. கட்டளையிடுகிறவர்தான் அதற்கு நியாயம் காட்ட வேண்டும். கீழே இருப்பவர் தன் மறுப்புக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நியாயம் காட்ட முடியாத அதிகாரம் மன்னருடையதானாலும் முதலாளியுடையதானாலும், மதகுருவுடையதானாலும் கணவனுடையதானாலும், வாக்கு வாங்கி வந்த அரசாங்கத்துடையதானாலும் கலைக்கப்பட வேண்டும். அந்த இடத்தில் மக்கள் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடுகள் வர வேண்டும். ஒழுங்கு அவர்களுக்கும் வேண்டும். அதை மேலிருந்து கீழே இறக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் பிடிவாதம்.

விதியே கூடாது என்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு, மின்சார ஊரில் இருந்துகொண்டு நான் காட்டக்கூடிய உதாரணம் லைன் கிளியர். மின்பாதையில் வேலை செய்யப் போகிறவர் லைன் கிளியர் வாங்காமல் கை வைக்க மாட்டார். ஆபரேட்டர் அந்தப் பாதையை நிறுத்தி, ஐசொலேட்டரைத் திறந்து, எர்த் செய்து, வேலை தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஏறுவார். வேலை முடிந்து, ஆட்களையும் கருவிகளையும் இறக்கிவிட்டு, அவரே வந்து அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை எப்பேர்ப்பட்ட அதிகாரி வந்து நின்றாலும் அந்தப் பாதையில் சப்ளை விடக் கூடாது. விதி கடுமையானதுதான். ஆனால் அதன் காரணம் கம்பத்தில் ஏறுகிறவருக்கும் கீழே நிற்பவருக்கும் ஒரே மாதிரி தெரியும். முடிவெடுக்கும் உரிமை, உயிரைப் பணயம் வைப்பவர் கையில் இருக்கிறது. இந்த விதியோடு எந்த அரசின்மைவாதிக்கும் சண்டை இல்லை. நிபுணர் பேச்சுக்குக் காது கொடுப்பதைப் பக்கூனினே ஏற்றுக்கொண்டவர். நிபுணர் என்ற காரணத்துக்காக ஒருவரை ஆளவிடுவதைத்தான் மறுத்தார்.

சண்டை எங்கே தொடங்குகிறது? அதே ஆளுக்கு உதவிக்கு எத்தனை பேரைத் தருவது, ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் நிரந்தரமாகவும் ஒருவர் ஒப்பந்தமாகவும் இருப்பது ஏன், ஈட்டிய லாபம் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அவர் நுழையவே முடியாத அறையில் முடிவாகும்போது தொடங்குகிறது. லைன் கிளியரைப் போல இவற்றுக்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் காரணம் உண்டா என்று அரசின்மைவாதி கேட்பார். இருந்தால் சரி.

வெடிகுண்டு விஷயத்தை மழுப்பக் கூடாது. அரசின்மைவாதிகளில் ஒரு பிரிவு, ஆளுகிறவர்களைக் கொன்றால் மக்கள் விழித்தெழுவார்கள் என்று நம்பியது. 1894இல் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோ, 1900இல் இத்தாலிய மன்னர் உம்பர்ட்டோ, 1901இல் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி ஆகியோர் அப்படிக் கொல்லப்பட்டார்கள். மக்கள் விழித்தெழவில்லை, அடக்குமுறைச் சட்டங்கள்தான் வந்தன. நீண்ட கோட்டும் தாடியுமாகக் கையில் உருண்டைக் குண்டு வைத்திருக்கும் கேலிச்சித்திர உருவம் அந்தக் காலத்தில் பிறந்து இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இயக்கத்தின் பெரும்பகுதி அப்போதும் தொழிற்சங்கத்தில்தான் இருந்தது.

அது எவ்வளவு பெரிதாக வளர முடியும் என்பதற்கு ஸ்பெயின் சாட்சி. 1910இல் தொடங்கிய சிஎன்டி என்ற அரசின்மைவாதத் தொழிற்சங்கம் கால் நூற்றாண்டில் லட்சக்கணக்கான உறுப்பினர்களைச் சேர்த்தது. 1936 ஜூலையில் ராணுவத் தளபதிகள் ஆட்சியைப் பிடிக்க முயன்றபோது பார்சிலோனாவில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கி அவர்களைத் தோற்கடித்தார்கள். நிறுவன நிர்வாகிகள் பலர் ஓடிவிட்டார்கள். சில நாட்களிலேயே டிராம் வண்டிகள் சங்கத்தின் சிவப்பு கறுப்பு வண்ணம் பூசிக்கொண்டு ஓடத் தொடங்கின. தண்ணீர், எரிவாயு, மின்சாரம் எல்லாம் தொழிலாளர் குழுக்களின் கைக்கு வந்தன. டிப்போவுக்கு டிப்போ கூட்டம் போட்டுப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். சரியில்லை என்றால் திருப்பி அழைத்துக்கொள்வார்கள். ஒழுங்குமுறை தெரியாத கூட்டத்தால் ஒரு நகரத்தின் டிராமை ஓட்ட முடியாது.

ஸ்பெயினை வெற்றிக்கதையாக மட்டும் சொல்வது ஏமாற்று. அந்த மாதங்களில் பாதிரியார்களும் எதிரி என்று குறிக்கப்பட்டவர்களும் விசாரணையின்றிக் கொல்லப்பட்டார்கள்; அதில் அரசின்மைவாதிகளின் கையும் உண்டு. அரசே கூடாது என்றவர்கள் அதே ஆண்டு நவம்பரில் போர்க்கால அமைச்சரவையில் 4 இடங்களை ஏற்றுக்கொண்டார்கள். ஃபெடரிகா மாண்ட்செனி என்ற பெண் சுகாதார அமைச்சர் ஆனார். 1937 மே மாதம் பார்சிலோனாவில் ஒரே அணியைச் சேர்ந்தவர்களே தெருவில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1939இல் அந்தத் தளபதிகளின் தலைவர் பிராங்கோ வென்றதும் எல்லாம் முடிந்தது.

இந்தியாவில் இந்தக் கொள்கைக்குக் கெட்ட பெயர் வந்த வழியே வேறு. இங்கே அதைச் சூட்டியது பிரிட்டிஷ் போலீஸ். துப்பாக்கி எடுத்த தேசபக்தர் யாராக இருந்தாலும் அவர்கள் கோப்பில் அனார்க்கிஸ்ட்தான். 1919இல் வந்த ரௌலட் சட்டத்தின் முழுப்பெயரிலேயே அந்த வார்த்தை இருக்கிறது: அனார்க்கிக்கல் அண்ட் ரெவல்யூஷனரி கிரைம்ஸ் ஆக்ட். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்கோ அவர் தோழர்களுக்கோ அரசை ஒழிக்கும் எண்ணம் கிடையாது. அந்நியன் அரசு போய்த் தங்கள் அரசு வர வேண்டும் என்பதே அவர்கள் கனவு. பகத் சிங் கதை கொஞ்சம் வேறு. அவர் 1928இல் 'கிர்தி' இதழில் அரசின்மைவாதம் பற்றித் தொடராகவே எழுதினார். பக்கூனினை ஊன்றிப் படித்தவர். ஆனாலும் அவர் போய்ச் சேர்ந்த இடம் சோசலிசம்.

1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில், வைரமும் முத்துமாக வந்து உட்கார்ந்திருந்த மகாராஜாக்கள் முன்னால் காந்தி எழுந்து, தானும் ஒரு அனார்க்கிஸ்ட்தான், ஆனால் வேறு வகை என்று சொன்னார். அன்னி பெசண்ட் குறுக்கிட்டு நிறுத்தச் சொன்னார். மேடையில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். குண்டு வீசும் இளைஞர்களின் நாட்டுப்பற்றை மதிக்கிறேன், வழியை ஏற்கவில்லை என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். டால்ஸ்டாயிடம் கற்றுக்கொண்டதன் தொடர்ச்சி அது. அரசு என்பதே வன்முறையின் மேல் நிற்பது, அதை அன்பின் பெயரால் மறுக்க வேண்டும் என்றவர் டால்ஸ்டாய். அவர் பெயரில் காந்தி 1910இல் தென்னாப்பிரிக்காவில் நடத்திய பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் குடியிருந்தன.

தமிழர்களில் முழு அரசின்மைவாதி என்று சொல்லத்தக்க ஒருவர் இருந்தார். பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். மண்டயம் பிரதிவாதி பயங்கரம் திருமலாச்சாரி, சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சார்யா. 1887இல், சிகாகோ தியாகிகள் தூக்கில் தொங்கிய அதே ஆண்டில், சென்னையில் பிறந்தவர். பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழை நடத்திய மண்டயம் குடும்பத்துப் பிள்ளை. அந்த இதழின் வேலைகளில் தோள் கொடுத்தவர். 1908இல் போலீஸ் நெருக்கடியால் 'இந்தியா' புதுச்சேரிக்கு இடம் மாறியது. அந்த ஆண்டு இறுதியில் ஆச்சார்யா ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். திரும்பி வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்காது.

லண்டனில் வ.வே.சு. ஐயரும் சாவர்க்கரும் இருந்த இந்தியா ஹவுஸ். அங்கிருந்து மொராக்கோவில் ஸ்பெயினை எதிர்த்துப் போரிடும் ரிஃப் மக்களோடு சேர்ந்து ஆயுதப் பயிற்சி பெறலாம் என்று ஒரு முயற்சி, அது கைகூடவில்லை. பிறகு பாரிஸ், பெர்லின், இஸ்தான்புல், அமெரிக்கா. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் இயங்கிய இந்தியக் குழுவில் பணி. 1919இல் ரஷ்யா போய் லெனினைச் சந்தித்த இந்தியர்களில் அவரும் ஒருவர். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் தலைவர் பொறுப்பு அவருக்கு வந்தது. செயல்பாடு முழுவதும் கட்சியை அமைத்தவர்களில் ஒருவரான எம்.என். ராய் கையில் இருந்தது. ராயோடு மோதல் முற்றியது. சில மாதங்களில் ஆச்சார்யா வெளியேற்றப்பட்டார்.

அவர் ரஷ்யாவில் இருந்த அந்த ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1921 பிப்ரவரியில் க்ரோப்போட்கின் இறந்தார். மார்ச் மாதம், கட்சியின் பிடியில்லாத சோவியத்துகள் வேண்டும் என்று கேட்ட கிரான்ஸ்டாட் கடற்படையினரைச் செம்படையே நசுக்கியது. தொழிலாளர் பெயரில் எழுந்த அரசு தொழிலாளர் மேல் சுட்டதைக் கண்ட பலர் அப்போது அரசின்மைவாதத்தின் பக்கம் வந்தார்கள். ஆச்சார்யா 1922இல் தன் மனைவி, ரஷ்ய ஓவியர் மாக்தா நாக்மனோடு பெர்லினுக்கு வந்தார். டிசம்பரில் அங்கே உருவான அரசின்மைவாதத் தொழிற்சங்கங்களின் சர்வதேச அமைப்பின் தொடக்கக் கூட்டத்தில் கலந்துகொண்டார். அதன்பின் சாகும்வரை உலகின் பல மூலைகளில் வந்த அரசின்மைவாத இதழ்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1935இல் ஆச்சார்யா பம்பாய் திரும்பினார். 1951இல் மாக்தா போனார். 1954 மார்ச்சில் வறுமையில் ஆச்சார்யாவும் போனார். பாரதியின் காலத்துத் தோழர்களை ஒருவர் விடாமல் தேடிக் கொண்டாடிய தமிழ்நாடு இவரை விட்டுவிட்டது எனக்கு மனம் ஆறாத விஷயம்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இது: தொழிற்சாலை தனியார் கையிலிருந்து அரசின் கைக்கு மாறுவதால் தொழிலாளி விடுதலை ஆகிவிட மாட்டார், எஜமானர் மாறுவார், அவ்வளவுதான். அவர் இறந்து 2 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அரசு நிறுவனமாகப் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதனால் ஆச்சார்யாவின் கேள்வியை நெய்வேலியில் வைத்துப் பார்ப்பதுதான் பொருத்தம்.

நெய்வேலியில் அரசு எட்ட நின்று ஆளும் ஒன்றல்ல. வீடு அதனுடையது, தெரு அதனுடையது, குழாய்த் தண்ணீர், பள்ளி, பொது மருத்துவமனை, மரம் நட்ட கணக்கு எல்லாம் நிறுவனத்தினுடையது. பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிறந்து வளர்ந்த தெருவில் தனக்கென்று ஒரு கதவு கிடையாது என்பதை அந்த நாளில்தான் பலரும் உணர்கிறார்கள். அதே நிறுவனம்தான் கூலிக்காரர் பிள்ளைகளைப் பொறியாளராக்கியது; வானம் பார்த்த செம்மண் காட்டில் ஒரு நகரத்தை எழுப்பியது. இரண்டும் சேர்ந்ததுதான் நெய்வேலி. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2013இல் நிறுவனத்தின் 5 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் தமிழ்நாடு அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் 3.56 சதவீதப் பங்கை வாங்கின. அரசின்மைவாதி இந்த இடத்தில் பங்குச் சந்தை பக்கம் நிற்பாரா? ஒரு பெரிய தவறான எண்ணம் இங்கேதான் இருக்கிறது. அரசு எதிலும் தலையிடாமல் எல்லாவற்றையும் சந்தைக்கு விட்டுவிட வேண்டும் என்று பேசும் முதலாளித்துவக் கூட்டம் அமெரிக்காவில் தன்னையும் அதே பெயரில் அழைத்துக்கொள்கிறது. பார்சன்ஸின் வாரிசுகள் அதை ஏற்பதில்லை. அவர்களுக்கு முதலாளியின் கட்டளையும் அரசின் கட்டளையும் ஒரே மரத்தின் கிளைகள். அந்த வேலைநிறுத்தத்தில் அவர்கள் தொழிலாளியோடு நின்றிருப்பார்கள். நின்றுகொண்டே, டெல்லி வைத்திருக்கும் பங்கையும் சென்னை வாங்கிய பங்கையும் பற்றி இவ்வளவு பேசும் நாம், மண்வெட்டி இயந்திரத்தின் கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சுரங்கத்தில் என்ன பங்கு என்று கேட்டிருப்பார்கள்.

நிலம் கொடுத்தவர்களிடம் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2023 ஜூலை 26 அன்று, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் கதிர் விட்டிருந்த நெல்வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிரையாவது அறுக்க விட்டிருக்கலாமே என்றார்கள் விவசாயிகள். உயர் நீதிமன்றமும் வருத்தப்பட்டது. இரண்டு நாள் கழித்து நடந்த பாமக முற்றுகைப் போராட்டம் கல்வீச்சிலும் கண்ணீர்ப்புகையிலும் முடிந்தது. அன்றைய கல்வீச்சை அராஜகம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது சுலபம். பசுமையான வயலில் போலீஸ் காவலோடு இயந்திரம் இறங்கியபோது எல்லாமே சட்டப்படி, ஒழுங்காகத்தான் நடந்தது. ஒழுங்கு என்று நாம் சொல்வதற்குள்ளேயே எவ்வளவு பலாத்காரம் அடங்கியிருக்கிறது என்பதைக் காட்டத்தான் அரசின்மைவாதிகள் நூற்றைம்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அரசு விலகினால் மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு க்ரோப்போட்கின் பதில் சொல்லியிருக்கிறார். அவர் புவியியலாளர். சைபீரியாவில் ஆண்டுக்கணக்கில் அலைந்து, கொடும் குளிரில் விலங்குகள் கூட்டாகப் பிழைப்பதைக் கண்டு, 1902இல் பரஸ்பர உதவி பற்றிய தன் நூலை வெளியிட்டார். போட்டியைப் போலவே உதவியும் பரிணாமத்தின் விதி என்பது அதன் வாதம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, கடலூர் மாவட்டக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தபோது, சாலையில் விழுந்த மரத்தை அரிவாளோடு வந்து வெட்டி ஒதுக்கியவர்கள் யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை.

இந்த இடத்தில் நம்மூரில் அடிக்கடி ஒரு பேச்சு வரும்: நம் பழைய கிராமமே இப்படித்தானே இருந்தது, குடவோலை, குடிமராமத்து, ஊர்க்கூட்டம், அரசு எதற்கு என்று. இதை நான் கடுமையாக மறுக்கிறேன். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் இருப்பது பிராமணர் சபை. அதன் உறுப்பினராக நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். ஏரிக்கு மண் சுமந்தவருக்கு ஓலையில் பெயர் கிடையாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசியது சும்மா இல்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்கச் சொல்லி எந்தக் கலெக்டரும் உத்தரவு போட்டதில்லை. போலீஸ், நீதிமன்றம், கெஜட் எதுவும் இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டளையிட்டு, மீறியவரைத் தண்டித்துக்கொண்டிருக்கும் ஆட்சி சாதி. அரசு இல்லாத இடமெல்லாம் அரசின்மைவாதம் கிடையாது. ஆள்பவரும் ஆளப்படுபவரும் இல்லாத இடம்தான் அது கேட்பது.

அதோடு அந்தக் கொள்கையின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. ஊரே திரண்டு எதிர்த்து நிற்கும்போது ஒரு தலித் குடும்பத்துக்கு ஓடிப் பிடிக்க இருப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தூரத்திலிருக்கும் அரசும்தான். அரசை உடனே கலைத்துவிடலாம் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. ஐரோப்பிய அரசின்மைவாத நூல்களில் இதற்குப் பதில் இல்லை, அங்கே சாதி இல்லாததால். பதில் தேட வேண்டியவர்கள் நாம்.

தேடியவர்கள் இல்லாமல் இல்லை. வினோபாவின் சர்வோதய இயக்கம் அரசில்லாத கிராம சமுதாயத்தைத்தான் வெளிப்படையாகக் கனவு கண்டது. மேல்நாட்டு ஆய்வாளர்கள் அதை மென்மையான அரசின்மைவாதம் என்றே வகைப்படுத்தினார்கள். அந்த இயக்கத்தில் வந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சையிலேயே தங்கிவிட்டார்கள். 44 உயிர்கள் எரிந்த மண் அது. 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி என்ற உழுபவனின் நில உரிமை இயக்கம், நிலத்தை விலை பேசி வாங்கித் தலித் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில், ஏக்கர் ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தது. வங்கிக் கடனும் அரசுத் திட்டமும் அதற்கு உதவின. அரசை எதிர்பார்த்து உட்காரவும் இல்லை, அரசு தரும் கருவியைத் தொட மாட்டேன் என்று விறைக்கவும் இல்லை. கொள்கைச் சுத்தம் குறைவு என்று ஒருவர் சொல்லலாம். நிலம் கைக்கு வந்த பெண்களுக்கு அது குறையாகத் தெரிந்திருக்காது.

கம்யூனிசத்தோடும் நக்சல்பாரிகளோடும் இதைப் போட்டுக் குழப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளித்துவம் ஒழிய வேண்டும் என்பதில் மார்க்ஸும் பக்கூனினும் ஒரே பக்கம். அதற்கு அரசைக் கைப்பற்ற வேண்டுமா என்பதில் பிளந்து, 1872இல் ஹேக் மாநாட்டில் பக்கூனின் வெளியேற்றப்பட்டார். மாவோயிஸ்ட் கட்சி அரசைக் கைப்பற்ற நினைப்பது. உள்ளேயும் ராணுவக் கட்டுக்கோப்பு. அரசின்மைவாதத்திலிருந்து அது வெகு தூரம்.

இனி நடைமுறைக்கு வருவோம். நெய்வேலியில் சுரங்கம் தோண்டத் தொடங்கிய அதே 1957இல், காபி போர்டு வேலையிலிருந்து நீக்கிய தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து இந்தியன் காபி ஹவுஸ்களைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். தலைப்பாகை கட்டிக் காபி கொண்டுவந்து வைப்பவரும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அவருக்கும் உண்டு. தொடங்கியவர்கள் அரசின்மைவாதிகள் இல்லை என்றாலும், அரசின்மைவாதிகள் தொழிலிடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவந்தார்களோ அதற்கு மிக அருகில் வரும் இந்திய உதாரணம் அதுதான்.

நெய்வேலியிலும் கூட்டுறவு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களை உறுப்பினராகக் கொண்ட இன்கோசர்வ் என்ற தொழிற்கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் பெயர் சேர்ந்தால் ஒரு நாள் நிரந்தரம் ஆகலாம் என்று காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில். சீனியாரிட்டிப் பட்டியல், எவ்வளவு பேரை எடுப்பது, எப்போது எடுப்பது என்பவைதான் அங்கே நடக்கும் பேச்சு, போராட்டம், வழக்கு எல்லாம். கூலிக்கும் பணிப் பாதுகாப்புக்கும் நடக்கும் அந்தப் போராட்டம் நூற்றுக்கு நூறு நியாயம். அரசின்மைவாதி ஒருவர் அந்தச் சங்கக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் அந்தக் கோரிக்கைக்கு முதலில் கையெழுத்துப் போடுவார். அதன்பின் சில சின்னக் கேள்விகளைக் கேட்பார். கன்வேயர் பராமரிப்பையோ தோட்ட வேலையையோ இந்தச் சங்கமே மொத்தமாக எடுத்து, ஆள் போடுவதையும் கூலி பிரிப்பதையும் பாதுகாப்பு விதியையும் உறுப்பினர்கள் கூடி முடிவு செய்ய என்ன தடை? தடை சட்டத்தில் இருக்கிறதா, நிர்வாகத்தில் இருக்கிறதா, முடியாது என்று நாமே நம்பிவிட்டதில் இருக்கிறதா? சுரங்கம் ஒரு நாள் தீர்ந்து போனால், குழியை என்ன செய்வது என்பதில் வளையமாதேவிக்காரர்களையும் உட்கார வைத்துத்தானே பேச வேண்டும்?